வாட்டம்

என் குரலுக்குத் தலை தூக்காத ஆள் கிடையாது. பீற்றிக்கொள்ளவில்லை, என் பிழைப்பே அதுதான். பேருந்து நிலையத்தின் மாடியில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வராது என்று ஒலிபெருக்கியில் சொல்லுவேன். பொத்தானை அழுத்தி "பயணிகள் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால் போதும். கீழே சண்டை போடுகிறவர், தூங்கி வழிகிறவர், செல்போனுக்குள் தலையை விட்டவர் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். மேலிருந்து அதைப் பார்ப்பது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட குரலுக்கு ஒரு நாள் என் அக்காவின் எட்டு மாதப் பெண் திரும்பவில்லை.

அக்கா வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அவளுக்கு இரட்டைப் பெண்கள். முன்னால் வந்தவளுக்கு வீட்டில் 'சமர்த்து' என்று பெயர், பின்னால் வந்தவளுக்கு 'சைரன்'. பெயர்க் காரணம் விளக்க வேண்டியதில்லை. சைரன் பசித்தால் அழுவாள், பசிக்காவிட்டால் ஏன் பசிக்கவில்லை என்று அழுவாள். மடியில் நிமிர்த்தி வைத்து, முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு கொடுத்தால்தான் அவளுக்குப் பால் இறங்கும். கீழே விட்டால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். சமர்த்து அப்படியே நேர்மாறு. வைத்த இடத்தில் கிடப்பாள், கொடுத்ததைக் குடிப்பாள், தானாகத் தூங்குவாள்.

அக்கா வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். மோட்டார் வைத்த தையல் மிஷின் அது. ஓட ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். சைரன் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுவாள். சமர்த்தோ அதன் காலடியிலேயே, துணி வெட்டுகளுக்கு நடுவில், இமைகூட அசையாமல் தூங்குவாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் மாய்ந்து மாய்ந்து அதிசயப்படுவார்கள். குழந்தை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்பார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியாது. நானும்தான் சித்தி என்கிற முறையில் அந்தப் பெருமையில் பங்கு கேட்டிருக்கிறேன்.

ஒரு தாய்க்கு இரண்டு வாய் என்றால் தாய்ப்பால் மட்டும் கட்டுப்படியாகாது. ஆஸ்பத்திரியில் சொல்லி, புட்டிப்பாலும் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பசி வரும். ஒன்றை மடியில் வைத்தால் இன்னொன்றை என்ன செய்வது? அக்கா தவிக்கிற தவிப்பைப் பார்த்து அவள் புருஷன், என் மாமா, களத்தில் இறங்கினார். மாமா பிளம்பர். சுவரைத் தட்டிப் பார்த்தே குழாய் எங்கே வளைகிறது என்று சொல்கிற ஆள். வேலையில் மிஞ்சிய அரை இஞ்சு பைப்பை அறுத்து, நாலு எல்போ வளைவு, ஒரு டீ இணைப்பு, மேலே கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப் என்று மாட்டி ஒரு ஸ்டாண்டு செய்தார். குழந்தையைப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்தி, கிளாம்பில் புட்டியைச் செருகினால், ரப்பர் காம்பு சரியாக வாய்க்கு நேரே இறங்கும். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சைரன் ஒரே உதையில் அதைச் சாய்த்துவிட்டாள். சமர்த்து ஏற்றுக்கொண்டாள். கை வைக்காமல் ஒரு குழந்தை தானே பால் குடித்து முடிப்பதைப் பார்த்து நான் கைதட்டினேன். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் சளி வந்தது. இரண்டு பேருக்கும்தான் வந்தது, ஆனால் சைரனுக்கு வந்த வேகத்தில் போய்விட்டது. சமர்த்துக்குக் காய்ச்சல் அடித்தது. அழவில்லை, முனகிக்கொண்டு ஒரு பக்கக் காதைப் படுக்கையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து கிளினிக்கில் காதில் சீழ் கோத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். சரியாயிற்று, மறுபடி வந்தது. சரியாயிற்று, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா, "புள்ள வாட்டமா இருக்கா" என்பாள். வாடிப்போயிருக்கிறாள் என்று அர்த்தம். மாமாவுக்கோ தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்குக் குழாய்க்கும் தரைக்கும் கொடுக்கிற சரிவுதான் அவருக்கு வாட்டம். வாட்டம் சரியில்லை என்று சொல்லி ஊரில் எத்தனையோ குளியலறைகளை உடைத்திருக்கிறார். அக்கா சொல்லும்போதெல்லாம் நான், வாட்டமாக இருந்தால் நல்லதுதானே, தண்ணீர் தேங்காது என்று மாமாவைச் சீண்டுவேன். அக்கா முறைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் பாயில் உட்கார வைத்து, சுற்றிலும் தலையணை அணை கொடுத்திருந்தோம். குளித்துவிட்டு வந்த நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, விளையாட்டாக, வேலையில் பேசுகிற குரலிலேயே, இரண்டு குட்டிப் பயணிகளும் கவனிக்கவும் என்று அறிவித்தேன். சைரன் வெடுக்கென்று திரும்பிச் சிரித்தாள். சமர்த்து ஒரு நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள், உருட்டிக்கொண்டேயிருந்தாள். கொஞ்சம் கிட்டப் போய் மறுபடி சொன்னேன். அந்தப் பிடரி அசையவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு.

அக்காவிடம் சொன்னேன். அவள் என் மேல் பாய்ந்தாள். குழந்தை விளையாட்டு மும்முரத்தில் இருந்திருக்கும், எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்க அவள் என்ன சைரனா, உனக்கு எப்போதும் ஊரே உன்னைத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பு என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில் சொன்னது தப்பில்லைதான்.

ஆனால் அவள் மனதுக்குள் புழு நெளிய ஆரம்பித்துவிட்டது. சற்று நேரத்தில் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். துணி எதுவும் வைக்கவில்லை. சமர்த்து முழித்துக்கொண்டு, மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா பெடலை ஒரேயடியாக அழுத்தினாள். மிஷின் கத்தியது, கண்ணாடி ஆடியது, சைரன் வீறிட்டாள். சமர்த்து நூல்கண்டின் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அக்கா காலை எடுக்கவில்லை. ஊசி வெறும் காற்றைத் தைத்துக்கொண்டேயிருக்க, அவள் தன் மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு மாமாவும் வந்து நின்றார். நான் போய்த்தான் சுவிட்சை அணைத்தேன். இத்தனை மாதங்களாக நாங்கள் கொண்டாடியது எதை என்று மூன்று பேருக்கும் அந்த நிமிஷத்தில் புரிந்தது.

காது டாக்டர் எங்கள் அம்மா வயதுள்ள ஒரு பெண்மணி. உரக்கப் பேச மாட்டார், அவசரப்பட மாட்டார். கதவைத் திறந்ததும் அக்கா, "ரெண்டு மூணு மாசமா புள்ள வாட்டமாவே இருக்கா டாக்டர், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டு உடைந்துபோனாள். டாக்டர் முதலில் அவளை அழவிட்டார். பிறகு பிறந்தபோது எடுத்த காது சோதனை என்ன ஆயிற்று என்று கேட்டார். தேறியிருந்தாள் என்று மாமா சொன்னதும், அது நல்ல சேதி, ஆனால் மீதியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார்.

முதலில் சைரனை மடியில் வைக்கச் சொன்னார். நல்ல காது எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்துவைத்தால் நல்லது என்றார். அவள் அழுது ஓய்கிற வரைக்கும் பொறுத்திருந்து, நுனியில் விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயைக் காது வாசலில் வைத்தார். சுவரில் இருந்த திரையில் ஒரு குகை திறந்தது. இளஞ்சிவப்பான சுவர், பூனைமுடி, ஒரு துளி மெழுகு. அந்தக் குகையின் முடிவில் அது இருந்தது.

இதை எப்படிச் சொல்வது? ஒரு சவ்வு. சிப்பியின் உள்பக்கம்போல வெளுப்பும் சாம்பலுமாக மினுங்கியது. விளக்கின் ஒளி அதில் ஒரு மூலையில் முக்கோணமாக விழுந்து நின்றது. அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் நிழலாகத் தெரிந்தது. ஒரு சின்னஞ்சிறு எலும்பு சவ்வின் மேல் சாய்ந்திருந்தது. அப்படி மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கின்றன, கடைசி எலும்பு எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்றார் டாக்டர். அப்புறம் ஒன்று சொன்னார், எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது.

"பிறக்கும்போதே இது முழு அளவு. இனிமே வளராது. உங்க காதுல இருக்கிறதும் இதே அளவுதான்."

கை கால் எல்லாம் இத்தனூண்டு இருக்கிற ஒரு ஜீவன், கேட்பதற்கு மட்டும் முழுசாகத் தயாராகி வந்திருக்கிறது. நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக மைக்கில் கத்துகிறேன். என் குரல் ஒலிபெருக்கியில் போய் முடிகிறது என்று நினைத்திருந்தேன். அது போய்ச் சேர்கிற இடம் இது. கீழே நிற்கிற ஆயிரம் பேருக்குள்ளும் இப்படி ஒரு சவ்வு, இப்படி மூன்று எலும்புகள். அன்றைக்குத்தான் என் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கோயிலில் நிற்பதுபோல நான் கை கட்டி நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு சமர்த்து. அதே குகை, அதே பூனைமுடி. முடிவில் மினுக்கம் இல்லை. சவ்வு மங்கிப் பழுப்பேறியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கோடு மட்டத்துக்கு நீர் நின்றது. கோட்டுக்கு மேலே இரண்டு குமிழிகள்கூடத் தெரிந்தன. எலும்பின் நிழலைக் காணோம். இரண்டு காதிலும் அதே கதை. நீரும் சளியும் தேங்கி நிற்பதால் சவ்வால் ஆட முடியவில்லை, சத்தம் வாசல்வரைக்கும் வருகிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு மேலே பேசுவதைக் கேட்பது மாதிரிதான் அவளுக்கு நாங்கள் கேட்டிருப்போம்.

அடுத்து ஒரு கருவியின் மென்மையான முனையைக் காதில் வைத்தார்கள். அது துளிக் காற்றை உள்ளே தள்ளி, சவ்வு எவ்வளவு அசைகிறது என்று கோடு போடும். சைரனுக்கு அந்தக் கோடு அழகாக ஏறி, உச்சி கண்டு, இறங்கியது. சமர்த்துக்கு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குத் தட்டையாக ஓடியது. ஆஸ்பத்திரித் திரையில் கோடு தட்டையாக ஓடினால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்த பார்வையில், அவரே பதறி, இது இதயமில்லை அம்மா, காது, காது என்றார்.

பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மாமாவின் முகம் மலர்ந்தது. அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை அப்போதுதான் யாரோ கேட்கிறார்கள். செல்போனை எடுத்து, ஸ்டாண்டில் சமர்த்து பால் குடிக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினார். எல்போவைச் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தார். பின்னணியில் நான் கைதட்டுவது கேட்டது. டாக்டர் கடைசிவரைக்கும் பார்த்தார். மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். மாமாவின் சிரிப்பு அந்த இரண்டாவது தடவையில் மெல்ல மெல்ல இறங்கியது.

டாக்டர் திட்டவில்லை. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அம்மா படுகிற பாட்டுக்குச் செய்தது, வேலையும் நேர்த்தி, ஆனால் இனி இது வேண்டாம் என்றார். குழந்தை மூச்சுத் திணறினால்கூட அந்த ஸ்டாண்டு புட்டியை எடுக்காது, கை எடுக்கும். அது முதல் காரணம். இரண்டாவது காரணத்துக்கு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஓர் இடம். அங்கிருந்து காதின் உள்ளறைக்கு ஒரு குழாய்.

குழாய் என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அதுக்கு வாட்டம் எவ்வளவு டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு மாமாவை ஒரு கணம் பார்த்தார்.

"சரியான கேள்வி கேட்டீங்க. பெரியவங்களுக்கு நல்ல வாட்டம் இருக்கும், காதுலேர்ந்து தொண்டைக்கு இறங்கிடும். குழந்தைங்களுக்கு அது கட்டையா, கிட்டத்தட்ட மட்டமா இருக்கும். குழாய்ல வாட்டம் இல்ல, அதான் உங்க பொண்ணு வாட்டமா இருக்கா."

நாங்கள் சிரித்திருக்க வேண்டிய இடம். மாமா படத்தின் மேல் விரலை வைத்து, "மட்டமா போட்ட லைன்ல எதுத்துக்கிட்டு வருமே" என்று தனக்குள் சொன்னார். ஆமாம், மல்லாந்து படுத்துக் குடிக்கும்போது வாயில் தேங்குகிற பால் பின்னால் போய் அந்த வழியாக மேலேறலாம், கூடவே சளியும் கிருமியும் சேர்ந்தால் காது கெடும் என்றார் டாக்டர். இது ஒன்றுதான் காரணம் என்று தான் சொல்லமாட்டேன், சளியே போதும், ஆனால் நம் கையில் இருக்கிறதை நாம் சரிசெய்யலாம் என்றும் சொன்னார்.

மாமாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் இப்படி மட்டமாக வைத்துக் கட்டியிருக்கிறது என்று, ஏதோ ஒரு மேஸ்திரியைப் பற்றிப் புகார் சொல்வதுபோலக் கேட்டார். முகமும் மண்டையும் இன்னும் வளர வேண்டும், வளர வளர அந்தக் குழாய் நீண்டு, சாய்ந்து, தானாகவே வாட்டம் எடுத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். மாமா வாயைப் பிளந்துவிட்டார். "சுவத்துக்குள்ள பதிச்ச பைப்பு தானா வாட்டம் எடுக்குமா" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? அவர் சமர்த்தின் கன்னத்தை, உள்ளே வேலை நடக்கிற இடம் என்கிற மரியாதையோடு, ஒரு விரலால் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பெரும்பாலும் இந்த நீர் இரண்டு மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும். வடியாவிட்டால் மயக்கம் கொடுத்து, சவ்வில் துளையிட்டு ஒரு மிகச் சிறிய குழல் வைக்க வேண்டியிருக்கும். ரொம்ப நாள் விடவும் முடியாது, இந்த வயதில் காதில் விழுவதுதான் பின்னால் பேச்சாக வெளியே வரும். எப்படியானாலும் மாதா மாதம் பார்க்க வேண்டும். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனிமேல் படுக்கவே வைக்கக் கூடாதா? தூங்கும்போது எப்போதும் போல மல்லாக்க, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல்தான் தூங்க வேண்டும், பால் குடிக்கும்போது மட்டும்தான் தூக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார் டாக்டர். படுக்கையையே ஒரு பக்கம் உயர்த்தி வாட்டம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்த மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து, அதையும் செய்யாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா யாரும் சொல்லாமலே ஸ்டாண்டைக் கழற்றினார். பைப்பும் எல்போவும் வேலைப் பைக்குள் போயின. இந்நேரம் யார் வீட்டுச் சுவருக்குள் இருக்கின்றனவோ. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கைதான் ஸ்டாண்டு. முழங்கை மடிப்பில் தலை, வயிற்றைவிடத் தலை நல்ல உயரம், உட்கார்ந்த மாதிரியும் இல்லை, படுத்த மாதிரியும் இல்லை. புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல், காம்பில் காற்று நிற்காத அளவுக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி மூச்சுவிட நேரம் தர வேண்டும். அடுத்த வேளைக்கு அடுத்த கை. கண் சொருகினால் புட்டியை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். முடிந்ததும் தோளில் போட்டுத் தட்டி ஏப்பம். முதல் வாரம் மாமா, சரிவு பார்க்கிற ரசமட்டக் கட்டையைக் கொண்டுவந்து குழந்தையின் பக்கத்தில் பிடித்து, உள்ளே குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டாள்.

ஒரு கைக்கு ஒரு குழந்தை என்றால் ஆள் வேண்டும். காலை வேளை மாமா, மற்ற நேரம் அக்கா, மதிய வேளைக்கு நான் இருக்க வேண்டும் என்று விடியற்கால ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். சைரனுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை, மடி அவள் பேருக்கு எழுதிவைத்த சொத்து. ஆனால் எனக்கு ஒன்று கிடைத்தது. சமர்த்தை முதல் தடவை அப்படி ஏந்திக்கொண்டு பால் கொடுத்தபோது, அவள் காம்பைக் கவ்விய நொடியிலிருந்து கடைசிச் சொட்டு வரைக்கும் என் முகத்தையே பார்த்தாள். நெற்றி, கண், மூக்குத்தி, மறுபடி கண். ஒரு மனுஷியை இன்னொரு மனுஷி அவ்வளவு நேரம் கண் கொட்டாமல் பார்ப்பது நான் அறிந்து கிடையாது. இத்தனை நாளும் இந்தப் பார்வையை அவள் ஒரு பிளாஸ்டிக் குழாயின்மேல் செலவழித்திருக்கிறாள். எனக்கு மாமாமேல், அக்காமேல், என்மேல், எல்லோர்மேலும் கோபம் வந்தது. பிறகு போயிற்று. அப்படிப் பார்க்கிற ஒருத்தியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

அடுத்த மாதப் பரிசோதனையில் வலது காதில் கோடு லேசாக மேடு தட்டியிருந்தது. இடதில் தட்டைதான். டாக்டர், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் வடியாவிட்டால் குழல் வைப்பதைப் பற்றிப் பேசுவோம் என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து மேஜையில் கிடத்தப்பட்ட குழந்தை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீட்டில் மிஷினைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்து சீருடை எங்கே என்று கேட்டும் அசையவில்லை. சமர்த்துக்குப் பின்னால் நின்று கைதட்டுவாள். கரண்டியால் தட்டைத் தட்டுவாள். குழந்தை ஒரு சமயம் திரும்பும், ஒரு சமயம் திரும்பாது. திரும்பினால் சத்தத்துக்கா, ஆடின நிழலுக்கா என்று அக்கா என்னிடம் கேட்பாள்.

ஒரு நாள் நான் கத்திவிட்டேன். குழந்தையைப் பரீட்சை எழுத வைக்காதே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கத்தானே டாக்டர் சொன்னார் என்றேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாசக்கணக்கா நான் மிஷின் ஓட்டிக்கிட்டே இருந்தேன்டி. அவ என் காலடியிலதான் கிடந்தா. ஒரு தடவையாவது எனக்குத் தோணியிருக்க வேணாமா?"

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். எங்களைப் பார்த்து சைரன் அழுதாள். சமர்த்து மட்டும் எங்கள் மூன்று பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பரிசோதனைக்குச் சில நாள் இருக்கும்போது, ஒரு மதியம், நான் வேலை முடிந்து வந்து கைகழுவி உட்கார்ந்தேன். சைரன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சமர்த்தை இடது கையில் சாய்த்துக்கொண்டு புட்டியைக் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே வழக்கம்போல அன்றைய வம்பையெல்லாம் அவளிடம் கொட்டினேன். நாலாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டியை ஓட்டுநர் ஆறாவதில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அறிவிப்புதான் தப்பு என்று என்மேல் பழியைப் போட்டான். சும்மா விடுவேனா? மைக்கிலேயே வண்டி எண்ணைச் சொல்லி, ஓட்டுநர் எண்ணத் தெரிந்தவராக இருந்தால் நாலுக்கு வரவும் என்று சொன்னேன். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தார்.

குழந்தை சப்புவதை நிறுத்தினாள்.

தொண்டையில் சிக்கிவிட்டதோ என்று புட்டியைத் தாழ்த்தினேன். அதெல்லாம் இல்லை. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்கு மேலதிகாரி சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனேன். அவளுடைய வலது கை எழுந்தது. காற்றில் கொஞ்சம் தடுமாறி, வந்து என் உதட்டின்மேல் நின்றது. நான் பேச, விரல்களுக்கு அடியில் உதடு அசைந்தது. அவள் புருவம் உயர்ந்தது. விரல்களை உள்ளே விட்டுப் பல்லைத் தொட்டாள், நாக்கைத் தொட்டாள். கையை எடுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று. மறுபடி கொண்டுவந்து வைத்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இந்த உலகத்தில் இதுவரை ஒருவருமே கண்டுபிடிக்காததுபோலவும், தான்தான் முதலில் கண்டுபிடித்துவிட்டதுபோலவும் இருந்தது அந்த முகம். அதைப் பார்த்ததில் மேலதிகாரி கதை பாதியில் நின்றது. பேசிப் பேசியே சோறு தின்கிற எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அப்புறம் உள்ளங்கையை விரித்து என் வாயில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். நான் திறக்கவில்லை. இன்னோர் அடி. அதற்கும் ஒன்றும் வராமல் போக, உதட்டைப் பிதுக்கி, புட்டியைத் தட்டிவிட்டு, இந்த வீட்டில் அவள் ஒருநாளும் அழாத அழுகையாக, வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

அக்கா ஈரத்துணியோடு ஓடிவந்தாள். சைரன் தூங்குகிற அறையைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள். பிறகு என் மடியைப் பார்த்தாள்.

"என்னடி பண்ணின அவளை?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பேசுறதை நிறுத்திட்டேன்."